கண்ணாடி நகரத்துக்கு யாரும் வரவில்லை

உலகத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்களில் முதலிடம் என் அப்பா செல்லையாவுக்கு.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, சிலோனில் ஓர் ஆபீஸ் மேசைக்கு முன்னால் அப்பாவை நிறுத்தி, "இந்தியாவில் எங்கே போகிறாய்?" என்று கேட்டார்கள். இரண்டு அரசாங்கங்கள் தோட்டத் தொழிலாளர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டதில் நாங்கள் இந்தியாவின் பங்கில் விழுந்திருந்தோம். அப்பா இந்தியாவைப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. ஆகவே அந்த நிமிஷம் முழு இந்தியாவும் அவர் முன்னால் திறந்து கிடந்தது. கடற்கரை இருந்தது. பம்பாய் இருந்தது. ஒன்றுமில்லாவிட்டால் ஏதாவது ஒரு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையாவது இருந்தது. அப்பா கேட்டது இதுதான்: "தேயில இருக்கிற எடமா ஏதும் இருக்குங்களா?"

இருந்தது. நீலகிரி. ஒரு தேயிலைச் செடியிடமிருந்து எங்களைப் பிரித்து, ரயிலேற்றி, கப்பலேற்றி, மண்டபம் முகாமில் போட்டு வைத்து, மறுபடி ரயிலேற்றி, ஜெகதளாவுக்கு மேலே இன்னொரு தேயிலைச் செடியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதற்குத் தாயகம் திரும்புதல் என்று பெயர்.

இப்போது நான் ஊட்டி காலேஜில் படிக்கிறேன். காலேஜ் கையெழுத்துப் பத்திரிகையில் பிரின்சிபாலைப் பற்றி எழுதுகிறேன். அவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பதால் இன்னும் படிக்கிறேன்.

விஷயம் ஒரு பெட்டியில் ஆரம்பித்தது. என்னோடு படிக்கும் மயில்சாமிக்கு லண்டனிலிருந்து அவன் மாமா ஒரு விளையாட்டு அனுப்பியிருந்தார். அதில் கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவன் ஓர் உலகத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ திருடனாகவோ அதற்குள் இறங்கி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

மயில்சாமியின் அப்பா கோயமுத்தூர்க்காரர். குன்னூரில் தேயிலை வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய சாம்பிள் அறை காலியாக இருக்கும். சுவர் முழுக்கத் தூள் டப்பாக்கள், நீள மேசை, ருசி பார்க்கும் வெள்ளைக் கோப்பைகள். ஒரு கோப்பையில் பகடையைப் போட்டுக் குலுக்கினோம். மூன்றாவது ஆள் ஜஸ்டஸ். வெலிங்டன் பையன், யார் பேசினாலும் தலையாட்டுவான்.

முதல் உலகத்தை மயில்சாமி கொண்டுவந்தான்.

"ஒரு தீவு. அதுல ஒரு கூட்டம். அந்த ராஜாவும் வேண்டாங்கறான், இந்த ராஜாவும் வேண்டாங்கறான். மலைக்கு மலை தொத்தீட்டுத் திரியுதுங்க. நாம போயி அதுகளைப் புடிச்சுக் கடல்ல தள்ளோணும். ஒரு தலைக்குப் பத்துப் பாயின்ட்."

"சூப்பர்" என்றான் ஜஸ்டஸ். "அந்தக் கூட்டத்துக்கு என்ன பேரு?"

"சிலோன்காரன்னு வையி" என்றேன் நான்.

ஜஸ்டஸின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

"அட, உன்னையச் சொல்லலீடா" என்றான் மயில்சாமி. "பேப்பர்ல எங்கியோ படிச்சது, சும்மா வெச்சேன். நீயெல்லாம் வேற மாதிரி ஆளு."

அவன் சமாதானமாகத்தான் சொன்னான். அதுதான் பொறுக்கவில்லை.

"இந்த ஒலகம் வேணாம். அடுத்த ஞாயித்துக்கெழம நான் ஒன்னு கொண்டாரேன்."

"கொண்டா. போரடிச்சா என்ற தீவுதான், பாத்துக்க." அவன் சிரித்தான். "நீ கொண்டார ஒலகத்துலயும் தேயிலச் செடிதான் மொளச்சிருக்கும்."

"ஒரு எல இருக்காது."

பெட்டி அவனுடையது. என் உலகம் அவர்களைப் பிடித்து உட்கார வைக்காவிட்டால், அந்தக் கூட்டத்தைக் கடலில் தள்ள நானும் பகடை உருட்ட வேண்டும். அல்லது எழுந்து போக வேண்டும். எழுந்து போவதில் எங்கள் குடும்பத்துக்கு நல்ல அனுபவம் உண்டு. இந்த முறை போவதாக இல்லை.

அந்த வாரம் முழுக்க ஒரு நகரத்தை வரைந்தேன். எல்லாமே கண்ணாடி. கண்ணாடிக் கோபுரம், கண்ணாடிப் பாலம், கண்ணாடித் தெரு. மண் என்பதே கிடையாது. மண் இருந்தால்தானே எவனாவது எதையாவது நடுவான்?

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த அப்பா, கத்தியை மூலையில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்னாடா இது?"

"ஊரு."

"ஒரு மரஞ்செடி காணோமே?"

"வேணாம். இது நான் தேர்ந்தெடுத்தது. ஒங்களை ஒரு தடவ கேட்டாங்களே, உருப்படியா ஒரு ஊரு பேரு சொன்னீங்களா? அவ்வளவு பெரிய நாட்டுல தேயிலதான் கெடச்சுதா?"

அப்பாவின் முகம் கறுத்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கோபம் வேறு பக்கம் போயிற்று.

"அந்த ஆபீசரு பொய் சொல்லிப்புட்டான்டா! அட்டப்பூச்சி இருக்குங்களான்னு கேட்டேன். ஒன்னுகூடக் கெடையாதுன்னான். வந்த மொத மழைக்கே காலு ரெண்டும் ரத்தம்!"

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "அந்த ஆபீசரு இந்நேரம் செத்தே போயிருப்பான்."

"செத்தாலும் பொய்யி பொய்யிதான்!"

பிறந்த நாட்டிலிருந்து கிளப்பியதற்கு இந்த மனிதர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அட்டைப்பூச்சிக்காகப் பத்து வருஷமாகக் கொதிக்கிறார். இவரிடம்தான் உலகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நகரத்துக்கு இன்னும் இரண்டு கோபுரம் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் மழை. மயில்சாமி தன் ஆளுக்கு வஜ்ரன் என்று பெயர் வைத்திருந்தான். மலை ஏறுவான், வாள் வீசுவான். ஜஸ்டஸ் திருடன். கண்ணாடி நகரத்தின் படத்தை மடித்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். அது கடலுக்கு அந்தப் பக்கம். முதலில் அவர்கள் கிளம்ப வேண்டும்.

"காலையில கொம்பு ஊதுறாங்க" என்றேன். "எல்லாரும் மைதானத்துல வரிசையா நிக்கிறீங்க."

"எதிரி எங்கடா?"

"எதிரி இல்ல. ஒரு மேசை இருக்கு. அதுக்குப் பின்னால ஒருத்தன் உக்காந்திருக்கான். ஒன் நாட்டுக்குப் போன்னு சொல்றான்."

"இதுதான்டா என்ற நாடு. இங்கதான் பொறந்தேன்னு சொல்றேன்."

"உருட்டு."

கோப்பையைக் குலுக்கிக் கவிழ்த்தான். பத்தொன்பது. "கெலிச்சாச்சு!" என்று எழுந்தே விட்டான்.

"ஆமா. நீ இங்கதான் பொறந்தேன்னு ஒத்துக்கிறான். ஒத்துக்கிட்டு, போகச் சொல்றான்."

"அதெப்படிடா?"

"எழுதி வந்திருக்கு."

"வாளை உருவறேன்!"

"உருவு. வரிசையில ஒனக்குப் பின்னால ஒன் அம்மா நிக்கிறாங்க."

மயில்சாமி என்னையே பார்த்தான். அப்புறம் வாளை உறையில் போட்டான். ஜஸ்டஸ் முதல் முறையாகத் தலையாட்டாமல் பேசினான். "நான் அவன் முத்திரையத் திருடுறேன்." உருட்டினான். பதினேழு.

"கெடச்சிருச்சு. அவன் இன்னொரு முத்திரைய எடுக்கிறான்."

"எந்த ராஜாடா போட்டான் இந்த ஆர்டரை?" மயில்சாமிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "அவன் ஊட்டுக்கே போறேன்."

"ரெண்டு ராஜா. விருந்து சாப்பிட்டுக்கிட்டே பிரிச்சாங்க. இத்தனை ஒனக்கு, இத்தனை எனக்கு. எண்ணிக்கிட்டு வந்தப்ப நீ அந்தப் பக்கம் விழுந்துட்டே."

"என்னையக் கேக்காமயா?"

"ஒன்னைய எதுக்குக் கேக்கணும்?"

அவன் மேசையில் அறைந்தான். கோப்பைகள் எல்லாம் குதித்தன. "அநியாயம்டா இது! எண்ணிப் பங்கு போடறதுக்கு ஆளுக என்ன ஆட்டுக்குட்டியா? எவனாச்சும் கேக்க வேண்டாமா?"

நான் பத்து வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை அவன் அரை மணி நேரத்தில் செலவழித்துக்கொண்டிருந்தான். போன வாரத்துத் தீவைப் பற்றி யாரும் பேசவில்லை. டீ ஆறிப்போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

"கடைசியா ஒன்னு" என்றேன். "மேசைக்காரன் கேக்கிறான். அந்தக் கரையில எங்க போறே?"

இதற்காகத்தான் ஒரு வாரம் காத்திருந்தேன். மடித்து வைத்த படத்தை விரித்து அவன் முன்னால் தள்ளினேன். கோபுரங்கள் நன்றாகத்தான் வந்திருந்தன.

மயில்சாமி குனிந்து பார்த்தான். "என்னடா இது, எல்லாம் கண்ணாடி?"

"ஆமா. மண்ணே கெடையாது."

"வழுக்குமேடா. என்ற ஆளுக்கு மலை ஏறத்தான் தெரியும். அம்மாவை வேற கூட்டீட்டுப் போறான். அங்க போயி என்னத்தத் தின்பாங்க?" அவன் படத்தை ஒதுக்கினான். குரலில் கோபம் இன்னும் இருந்தது, ஆனால் கொஞ்சம் பயமும் சேர்ந்திருந்தது. "நான் மேசைக்காரனைக் கேக்கறேன். அங்க மலை இருக்கா?"

ஜஸ்டஸும் என்னைப் பார்த்தான். வஜ்ரன் வரிசையில் நின்றான், அம்மா பின்னால் நின்றாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்.

காஷ்மீர் சொல்லலாம். கடற்கரை சொல்லலாம். பெட்டிக்கடை சொல்லலாம். என் கையில் முழு உலகமும் இருந்தது.

"இருக்கு" என்றேன்.

படத்தைத் திருப்பி வெறும் பக்கத்தில் ஒரு மலையை வரைந்தேன். அதன் மேல் மேகம். சரிவில் ஒட்டினாற்போல் வரிசையாக வீடுகள். பிறகு பச்சைப் பென்சிலை எடுத்து, சரிவைச் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னப் புதர்களாக, நெருக்கமாக வைத்துக்கொண்டே வந்தேன்.

"அதென்ன செடி?" என்றான் மயில்சாமி.

"இடுப்பு ஒசரம் இருக்கும். குனிஞ்சா ஒளிஞ்சுக்கலாம்."

ஜஸ்டஸ் சுவரில் இருந்த டப்பாக்களைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மெல்லத் தலையாட்டினான்.

"சரி, வஜ்ரன் அங்கயே போறான்" என்றான் மயில்சாமி. "வேற என்ன இருக்குது அங்க?"

நான் இன்னொரு வரிசைக்குப் பச்சை அடித்தேன்.

"அட்டப்பூச்சி ஒன்னுகூடக் கெடையாது" என்றேன்.

அட்டைப்பூச்சியைப் பற்றி அவர்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.