எத்தனை முழம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதும் அறையின் கூரைக்கு மேல் ஒரு பெரிய கிளை சாய்ந்து நிற்கிறது. அதை எடுக்க ஒருவர் வந்தார். வந்த அரை மணி நேரத்தில் உச்சிக் கவைக்கு மேலாகக் கயிற்றை எறிந்து, இடுப்பில் பட்டையை மாட்டி, மேலே போய் இரண்டு சிறு கிளைகளை இறக்கிவிட்டார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் காலையிலிருந்து ஒரே வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

(இந்த வரியை அக்கா படித்துவிட்டார். “நாற்காலியில உக்காந்துக்கிட்டு தொங்குறானாம்” என்றார். வீடு அவருடையது, மரமும் அவருடையது. அறை மட்டும் என்னுடையது, அதுவும் அவர் தயவில்.)

2

முதல் தொடக்கம்: “அதிகாலைப் பனியில் அந்த மனிதன் மரத்தை நிமிர்ந்து பார்த்தான். மரமும் அவனை—”

வேண்டாம். மரம் யாரையும் பார்க்கவில்லை. பனியும் கிடையாது. மணி ஒன்பதரை.

இரண்டாவது: “உயரம் என்பது ஒரு—”

உயரம் என்பது என்னவென்று எனக்குத் தெரியாது. பரணில் சாமான் எடுக்கவே அக்கா ஏணியைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, செய்தியாளனாக இருந்த பழக்கத்தில்: பழைய வேன். கதவில் கையால் எழுதிய ‘மர டாக்டர்’. உள்ளே செயின் ரம்பம் இரண்டு, வளைந்த கைரம்பம் மூன்று, தலைக்கவசம் இரண்டு, வெட்டிய கிளையை இறக்கத் தடித்த கயிறு ஒன்று. ஆள் ஏறுவதற்கு வேறொரு கயிறு, தனிப் பையில். அப்படி ஒன்றே ஒன்றுதான். பணியாளர்கள்: அவரும் அவர் மனைவியும்.

சொந்தத் தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“முதலாளியும் நான்தான், வேலைக்காரனும் நான்தான் சார். லீவு கேட்டா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துடுது.”

“நடுவுல பஞ்சாயத்து நான்” என்றார் மனைவி.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்வோம். உண்மையாக இருப்பதைத் தவிர அதில் வேறு குறையில்லை.

3

ஏறும் கயிறு இப்படி வேலை செய்கிறது. உச்சிக் கவைக்கு மேலாகப் போட்ட கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்புப் பட்டையில். மறுமுனை அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மனைவியின் கையில். அவர் ஏற ஏறக் கயிறு தொய்யும். அந்தத் தொய்வை மனைவி இழுத்துக் காலடியில் சேர்க்கிறார். கால் வழுக்கினால் அவரைத் தாங்க வேறு எதுவும் இல்லை.

இழுக்கும்போது அந்த அம்மாவின் உதடுகள் அசைந்தன. என் குறிப்பேட்டில், “கணவனுக்காக ஓயாத பிரார்த்தனை” என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.*

* பிரார்த்தனை இல்லை, இழுத்த கயிற்றின் முழக்கணக்கு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பிரார்த்தனை அழகாக இருந்ததால் நான் கேட்கவில்லை.

மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்பே கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டார்கள். வேனில் பெட்ரோல் கேன்கள் இருந்ததால் பையை ராத்திரிக்கு எங்கள் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்தார்கள்.

“பையைத் தொறக்க வேணாம் சார்” என்றார் அந்த அம்மா. “எண்ணெய், மருந்து எதுவும் பக்கத்துல வராம பாத்துக்கோங்க. மத்ததெல்லாம் கெட்டா வேலைதான் நிக்கும்.”

4

சாயங்காலம் பையைத் திறந்தேன்.

ஒரு பத்தி வர்ணனை தேவைப்பட்டது, அவ்வளவுதான். கொட்டகையில் விளக்குக்குக் கீழே தட்டையாக இருந்த ஒரே இடம், காரிலிருந்து கழற்றிப் போட்ட பழைய பேட்டரி. அதன்மேல் கயிற்றை வைத்து, பக்கத்தில் குறிப்பேட்டையும் வைத்து அரை மணி நேரம் எழுதினேன். “உறங்கும் பாம்பு” என்று எழுதினேன். கயிற்றைப் பாம்பு என்று எழுத முப்பது வருட வாசிப்பு தேவைப்பட்டிருக்கிறது. பிறகு தெரிந்தவரை சுருட்டி உள்ளே போட்டேன்.

5

மறுநாள் காலை அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை விரல்களுக்கிடையே விட்டு உருவினார். தினமும் செய்வதுதானாம். ஓரிடத்தில் விரல் நின்றது. பின்னால் போய் மறுபடி வந்தது.

“இங்க கொஞ்சம் வெறைப்பா இருக்கு.”

“ராத்திரி மழை. ஈரமா இருக்கும்” என்றார் கணவர்.

“சார், வெளியில ஏதும் எடுத்தீங்களா?”

“இல்லையே. பையிலதான் இருந்துச்சு.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு முழுப் பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் ‘மனித மனம்’ என்று மூன்று முறை வந்தது. ஒரு பெண்மணி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது, காரணம் அவ்வளவுதான்.

என் வார்த்தையை நம்பிக் கயிற்றை மாட்டினார்கள். அவர் ஏற ஆரம்பித்தார். நான் குறிப்பெடுக்கத் தாளைப் புரட்டினேன். தாளின் மூலை என் விரலோடு வந்துவிட்டது. பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. அடுத்த தாளும் அப்படியே. பேட்டரியின்மேல் படிந்திருந்த அமிலம் என் குறிப்பேட்டைத் தின்றிருந்தது. அதே இடத்தில்தான் கயிறும் இருந்தது.

6

இங்கே வாசகர் என்னைக் கவனிக்க வேண்டும், அவரை அல்ல. அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி. திறக்கவில்லை. முதலில், பொய் வெளிப்படுமே என்ற பயம். அதற்குப் பின்னால், சொல்லக் கூசுகிறது, இது நல்ல காட்சி என்ற எண்ணம்.

பிறகு சொன்னேன்.

“கயிறு... நேத்து எடுத்தேன். பேட்டரி மேல வெச்சேன்.”

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னார்: “ஏங்க, கயித்துல பாரம் குடுக்காதீங்க. மரத்தைப் பிடிச்சே இறங்குங்க.”

கணவர் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் தண்டைக் கட்டிக்கொண்டு, காலால் துழாவித் துழாவி இறங்கினார். தொய்வு விட்டுக்கொண்டே இந்த அம்மாவின் உதடுகள் அசைந்தன.

முதல் வரைவில், நான் பேசும்போது அவர் மாடி ஜன்னலைத் தாண்டியிருந்தார். இரண்டாவதில் என் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரம். மூன்றாவதில் ஒரு கால் இன்னும் தரையில். ஒவ்வொரு வரைவிலும் நானே அவரைப் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது வரைவில் அவர் வேனைவிட்டே இறங்கியிருக்க மாட்டார், நான் உத்தமனாகியிருப்பேன்.

7

தரையில் உட்கார்ந்து கயிற்றை அவரும் ஒருமுறை உருவிப் பார்த்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

“பாக்க நல்லாத்தானே இருக்கு?” என்றேன். “ஒருதடவை இழுத்துப் பாத்தா தெரிஞ்சுடாதா?”

“எதைக் கட்டி இழுத்துப் பாக்கிறது சார், என்னையா?”

கைரம்பத்தை எடுத்துக் கயிற்றைத் துண்டு துண்டாக அறுக்க ஆரம்பித்தார். சந்தேகப்பட்ட கயிற்றை முழுதாக விட்டுவைப்பதில்லையாம். “முழுசா கெடந்தா ஒருநாள் அவசரத்துக்கு நானே எடுத்து மாட்டிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.”

ஒரு துண்டை என் பக்கம் நீட்டினார். “எழுதுறதுக்கு வேணும்னுதானே எடுத்தீங்க. வெச்சுக்கோங்க.”

வேனில் ஏறும் முன் அந்த அம்மா, “பையிலதான் இருந்துச்சுன்னு சொன்னீங்களே” என்றார்.

“ஆமா” என்றேன். என் சொல்வளம் அன்று அவ்வளவுதான்.

8

முடிவுகள்.

(அ) நான் பேசவில்லை. கயிறு அறுகிறது— பாதியில் நிறுத்தினேன். அக்கா பின்னாலிருந்து படித்துவிட்டு, “நல்ல மனுஷன். அவரைத் தள்ளிவிட உனக்கு என்ன அவசரம்?” என்றார்.

(ஆ) நான் பேசவில்லை. கயிறும் அறுந்துபோகவில்லை. கிளை இறங்குகிறது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இந்த முடிவை எழுதியபோது நிம்மதியாக இருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.

(இ) எல்லோரும் டீ குடித்துச் சிரிக்கிறார்கள். “போட்ட டீ ஆறிப்போய் நான்தான் கொட்டினேன்” என்கிறார் அக்கா.

9

பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து தொலைபேசி. புதுக் கயிறு வந்துவிட்டதாம். அதுவரை வேலி கத்தரிப்பதும் புதர் வெட்டுவதுமாகத் தரை வேலைதானாம், வியாழக்கிழமை வருகிறார்களாம். “கயித்துப் பை எங்க கூடவே வந்து எங்க கூடவே போகும் சார்.”

“சரிங்க.”

“கதை எழுதிட்டீங்களா?”

“கிட்டத்தட்ட.”

“நீங்க சொன்னப்போ அவர் எவ்வளவு தூரம் ஏறியிருந்தார்னு போட்டிருக்கீங்க?”

மூன்று வரைவும் எதிரில் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

“நான் எண்ணிக்கிட்டேதான் இழுப்பேன்” என்றார். “வேணும்னா கேளுங்க, சொல்றேன்.”

நான் கேட்கவில்லை. பிரார்த்தனையைப் பற்றிக் கேட்காதது போலவே.

ஆகவே அந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். என்மேல் இரக்கம் இருந்தால் சிறிய எண்ணாகப் போடுங்கள். ஆனால் வியாழக்கிழமை அந்த அம்மா வருகிறார், கேட்டு வாங்கிப் படிப்பார்.

நான் வாயைத் திறந்தபோது, அந்த அம்மா [      ] முழம் இழுத்து முடித்திருந்தார்.