முன்பாரம் பின்பாரம்

சகலை முனிவேல் பெங்களூரில் மிலிட்டரி ஏலத்தில் மோட்டார் வண்டி எடுத்துவிட்டான் என்று எனக்கு முதலில் சொன்னவள் என் மனைவி ருக்மணி. அடுப்பில் களி கிண்டிக்கொண்டே, முகத்தைக்கூடத் திருப்பாமல் சொன்னாள்.

"சாந்தி வீட்டுக்காரரு மோட்டார் எடுத்துட்டாராம். நாலு சக்கரமும் இழுக்குமாம்."

"என் மாட்டுக்கும் நாலு காலு இருக்குது. நாலும்தான் இழுக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சாந்தம்மா அவளுடைய தங்கை. தங்கை வீட்டுக்கு ஒரு செம்பு வந்தாலும் அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு வந்தது மோட்டார். களியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வயிறு எரிந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

எனக்கு எரிந்ததற்குக் காரணம் இருந்தது. பாகலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரில் விளையும் உருளைக்கிழங்கும் கோசும் பத்து வருஷமாக என் மூன்று மாட்டு வண்டிகளில்தான் கிருஷ்ணகிரிச் சந்தைக்குப் போயின. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். மாசி மாதம் கிழங்கு தோண்டும் நேரத்தில் ஊரே என் வாசலுக்கு வரும். "நாராயணப்பண்ணா, என் மூட்டைக்கு இடம் இருக்குதா?" என்று கேட்கும். நான் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, "சரி, பாக்கலாம்" என்பேன். இடம் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியில்தான் என் மரியாதை இருந்தது. மோட்டார் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடும். அப்புறம் எவன் என் வாசலுக்கு வருவான்?

முனிவேல் யுத்தத்தின்போது பட்டாளத்தில் டிரைவராக இருந்தவன். ஆபீசர்களை ஏற்றி இறக்கித்தான் பழக்கமே தவிர, மூட்டை ஏற்றிப் பழக்கமில்லை. ஏலத்தில் எடுத்து வந்ததும் அப்படிப்பட்ட வண்டிதான். பாசி நிறம். மூடின கூண்டு, பக்கத்துக்கு மூன்று கண்ணாடி ஜன்னல், உள்ளே எட்டுப் பேர் உட்கார இருக்கை. ஏரிக்கரைச் சேற்றில் அது உறுமிக்கொண்டு ஏறி வந்ததை ஊரே பார்த்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்தேன்.

ஜன்னல் வைத்த கூண்டில் கிழங்கு மூட்டை எப்படி ஏற்றுவது? "பின்பக்கம் பூரா வெட்டி எறிஞ்சிட்டு, பலகை அடிச்சு பிக்கப் ஆக்கிக்கறேன்" என்றான் முனிவேல். பட்டறைக்கு அனுப்பவில்லை. வீட்டுக் களத்திலேயே வேலை. ஓசூரிலிருந்து கேஸ் வெல்டிங் போடும் கௌஸ் மொய்தீன் பாயைக் கூப்பிட்டான். அவருடைய சிலிண்டரையும் சாமானையும் கொண்டுவந்து சேர்த்தது என் வண்டி. அந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல.

கௌஸ் பாய் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் கூரையை நீல நெருப்பால் கிழித்துக்கொண்டே போனார். ஒரே பகலில் கூண்டு கழன்று விழுந்தது. இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். வெட்டின இடத்தில் கூண்டின் முதுகுத் தகரத்தை வைத்து ஒட்டி, அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தை நீட்டிக்கொள்ள இரண்டு துண்டு சேர்த்து வைத்துவிட்டு, பாய் ஓசூர் போய்விட்டார். கழன்ற கூரையைச் சாந்தம்மா கோழிக்குடிசை மேல் தூக்கிப் போட்டாள். "அவங்க வீட்டுக் கோழி கூட தகரக் கூரைக்குள்ள படுக்குது" என்றாள் ருக்மணி. எங்கள் வீட்டுக்கு ஓலைக் கூரை.

பலகை அடிக்கும் நாளில் முனிவேல் என் வாசலுக்கு வந்தான்.

"அண்ணா, நீங்க வந்து அளவு சொல்லணும். பாரம் வெக்கிறதுல உங்கள மிஞ்சின ஆளு இந்தப் பக்கத்துல யாரு இருக்கறாங்க?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு பேச்சில் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஓடாத குறையாகப் போனேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். வண்டிக்காரன் முதலில் பார்ப்பது அச்சை. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நுகத்தடியில் நசுங்கும், பின்னால் கூடினால் மாட்டைத் தூக்கும். இந்த வண்டியில் முன்னாலேயே அவ்வளவு பெரிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது. முன் சக்கரத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவே இருந்தது.

"முன்பாரம் ஏற்கெனவே ஜாஸ்தி. பின்னால நல்லா இழுத்து வெச்சாத்தான் சமம் ஆகும்" என்றேன். கரியை எடுத்துக் கோடு போட்டேன். பின் சக்கர அச்சுக்கு முன்னால் நாலடி, பின்னால் ஆறடி. கனமான கிழங்கு மூட்டை வால் பக்கம், கோசுக் கூடை முன்பக்கம் என்று ஏற்றும் முறையையும் சொல்லிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவன் வண்டி விஷயத்தில் நான் பொறாமை இல்லாமல் செய்த காரியம் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை என் வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா வாங்க ஓசூர் போனேன். கௌஸ் பாய் தன் கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "பலகை அடிச்சாச்சா சாப்? எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"பின்னால ஆறடியா? யாரு அளந்தது?"

"நான்தான்."

"மாட்டுக்குக் கழுத்து வலிக்கும் சாப், சக்கரத்துக்கு வலிக்காது. முன் சக்கரம் மண்ண அழுத்திப் பிடிச்சாத்தான் திருப்பினா திரும்பும். சூளகிரி தாண்டி மேலுமலை ஏத்தத்துல மூக்கத் தூக்கிச்சுன்னா வளைவுல எப்படி வளைப்பாரு? நேரா பள்ளம்தான். இன்னிக்கே போயி சொல்லிடுங்க. வண்டிய எடுக்க வேணாம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு நான் வந்து வெட்டித் தரேன்."

"சொல்லிடறேன் பாய்" என்றேன்.

வழியெல்லாம் மனசு ஒரு நிலையில் இல்லை. போய்ச் சொன்னால் என் அளவு தப்பு என்று ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். வண்டியும் சரியாகி ஓடத் தொடங்கிவிடும். சொல்லாவிட்டால்? முதல் மேட்டிலேயே மூக்கைத் தூக்கும், முனிவேல் பயந்துபோய்த் திரும்பி வருவான், ஊர் சிரிக்கும், என் வாசலுக்கு வந்து மறுபடி இடம் கேட்கும். அவ்வளவுதான் ஆகும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பள்ளம் என்று பாய் சொன்னதை மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் பாரம் ஏற்றினார்கள். வால் பக்கம் பதினாலு மூட்டை கிழங்கு. வண்டி பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு நிமிர்ந்து நின்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு அழகாகத் தெரிந்தது தெரியுமா? எல்லாரும் மாட்டு வண்டியில் பிறந்து வளர்ந்தவர்கள். "பாரு, முன்னால கொஞ்சம் கூட சுமையே இல்ல. நாராயணப்பன் கணக்குன்னா கணக்குதான்" என்று என்னைப் புகழ்ந்தார்கள். முனிவேல் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் களத்தில் கூட்டம். வண்டி முகப்பில் மஞ்சள் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள் சாந்தம்மா. நான் ஓரமாக நின்றேன். அப்போதுதான் ருக்மணி வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கிருஷ்ணகிரியில் அத்தை மகளுக்கு வளைகாப்பாம், அக்காளும் தங்கையும் வண்டியிலேயே போய்விட்டு வருவதாகப் பேசி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. முன் இருக்கையில் தங்கையைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். என் வண்டியில் ஏற ஒரு நாளும் அவள் இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

முனிவேல் ஸ்டேரிங்கைப் பிடித்தான்.

"ருக்மணி, கீழ எறங்கு" என்றேன்.

"எதுக்கு?"

"வண்டி சரியில்ல. பின்பாரம் ஜாஸ்தி. மேலுமலையில மூக்கத் தூக்கிடும், திருப்பினா திரும்பாது."

பக்கத்து வீட்டு மாரம்மா முதலில் சிரித்தாள். "நீங்கதானண்ணா அளவு போட்டுக் குடுத்தீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ருக்மணி சிரிக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "மோட்டார் வந்த நாளா நீங்க ஒழுங்கா ஒரு வாய் சோறு திங்கல. உங்க வயித்தெரிச்சல இன்னிக்கு ஒரு நாளாவது வீட்டுல வெச்சுட்டு வரக்கூடாதா?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் அதுவும் பொறாமையாகத்தான் கேட்டது. அந்தப் பெயரை நானே சம்பாதித்து வைத்திருந்தேன். என் வண்டிக்காரர்கள் இருவரும் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். அவர்களை இழுத்துக்கொண்டு வண்டியின் பின்னால் போனேன். மூன்று பேரும் வால் பலகையில் ஏறி, அதன் விளிம்பில் உட்கார்ந்தோம்.

முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. நசுங்காத எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் சும்மா கிடந்தது. முனிவேல் ஸ்டேரிங்கைத் திருப்பினான். சக்கரம் காற்றில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சாந்தம்மாதான் முதலில் கதவைத் திறந்துகொண்டு குதித்தாள், பின்னாலேயே ருக்மணி.

முனிவேல் இறங்கிப் பின்பக்கம் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. மற்றவர்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் என்னிடம் மட்டும் கேட்டான்.

"எப்பண்ணா தெரிஞ்சது உங்களுக்கு?"

"இப்பதான். மூக்கத் தூக்கிட்டு நின்னதப் பாத்ததும் தோணுச்சு" என்றேன்.

"தெய்வமாட்டம் வந்து நிறுத்துனீங்கண்ணா" என்று என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. அன்று முழுக்க ஊர் என்னைக் கொண்டாடியது. கூச்சமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். ருக்மணி ஏறாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கௌஸ் பாய் வந்தார். நானும் களத்தில் இருந்தேன். போகாமல் இருந்தால் இன்னும் சந்தேகம் வரும் என்று போயிருந்தேன். பாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"ஸ்பிரிங் வில்லு படுத்துப்போச்சே. இவ்வளவு பாரத்த ஏத்தி நிறுத்தி வெச்சிருந்தீங்களா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கிழமையே உங்ககிட்ட சொல்லி அனுப்பினேனே சாப்."

ருக்மணி காபிச் செம்போடு அங்கேயே நின்றிருந்தாள். முனிவேல் என்னைப் பார்த்தான். நேற்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அதே முகம். அதில் எல்லாம் புரிந்துபோனது எனக்குத் தெரிந்தது. அடி வாங்கின மாதிரி ஒரு நொடி நின்றான். பிறகு பாயிடம் திரும்பினான்.

"ஆமா பாய். அண்ணன் அன்னிக்கே வந்து சொன்னாரு. நான்தான் காதுல போட்டுக்கல."

ருக்மணி செம்பை டொக்கென்று கீழே வைத்தாள். "அப்படியா சங்கதி? இவரு சொல்லியும் கேக்காம எங்கள ஏத்திக்கிட்டுக் கிளம்புனியா? பெரியவங்க பேச்சுன்னா அவ்வளவு எளக்காரமா உனக்கு? நேத்து இவர நான் எல்லாரு முன்னாலயும் என்னென்ன பேசிட்டேன்" என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவள் ஒருவரைத் திட்டி நான் கேட்டது அன்றைக்குத்தான். முனிவேல் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க்கா" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

அவன் மோட்டார் எடுத்தபோது எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் உண்மையாக எரிந்தது. வாய்ப்பு வந்தால் நானும் ஒரு மோட்டார் வாங்கிவிடுவேன். தன்னைப் பள்ளத்துக்கு அனுப்பப் பார்த்தவனுக்காகத் தலை குனிந்து திட்டு வாங்க என்னால் ஏழு பிறவிக்கும் முடியாது. அது அவனுக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது.

பாய் எங்கே வெட்டுவது என்று கேட்டார். முனிவேல் கரித்துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். "நீங்களே கோடு போடுங்கண்ணா" என்றான். குரலில் குத்தல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், இருந்திருந்தால் பிழைத்திருப்பேன், இல்லை.