பால்டாங் அணை திறந்த மத்தியானம்

மெரிலேண்ட்ஸில் தான் வேலை செய்யும் மருந்துக்கடையில் சிவகௌரி ஒரு கிழவருக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரு செமஸ்டர் படிக்கவென்று கொரியாவுக்குப் போயிருந்த மகள் மயூரா.

“அம்மா, ஹான் ஆத்தங்கரையில சைக்கிள் ஓட வந்தனான். தண்ணி பாதைக்கு ஏறிட்டுது. ஸ்பீக்கர்ல ஏதோ கத்துறாங்கள், ஒண்டும் விளங்கேல்ல.”

“மழையோ அங்க?”

“இல்லயம்மா, சியோல்ல நல்ல வெயில். எண்டாலும் ஏறுது!”

சிவகௌரி மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு, கூட வேலை செய்யும் மின்ஜியோங்கின் கையைப் பிடித்து இழுத்தாள். மின்ஜியோங் சியோலில் வளர்ந்தவள்.

“போனை அந்த ஸ்பீக்கருக்கு நேர பிடி, பிள்ளை!”

கரகரத்த கொரியக் குரல் ஒன்று கடைக்குள் கேட்டது. மின்ஜியோங்கின் முகம் வெளுத்தது.

“பால்டாங் அணையைத் திறந்துவிட்டார்கள்” என்றாள் ஆங்கிலத்தில். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் ஹான் ஆற்றின் இரண்டு கிளைகள் அந்த அணைக்குச் சற்று மேலேதான் ஒன்றுசேர்கின்றன. மலையில் பெய்த மழையெல்லாம் இனி நகரத்தின் நடுவால் போகும். ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீர்தான். இன்றைக்கு அதற்கு முன்னால் ஒருவரும் நிற்க முடியாது.

“எந்தப் பக்கம் போறாய்?”

“கரைக்குக் கீழால ஒரு டனல் இருக்கு. அதால ரோட்டுக்குப் போகலாம்.”

‘டனல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் மின்ஜியோங் போனைப் பறித்தாள். “வேண்டாம்! வெள்ளம் வந்தால் அதன் இரும்புக் கதவை மூடிவிடுவார்கள். பக்கத்தில் பாலம் தெரிகிறதா? அதற்கு ஏறப் படி இருக்கும். சைக்கிளை விட்டுவிட்டு ஓடு!”

அதன்பிறகு தண்ணீர் இரைச்சல் மட்டும். மயூரா மூச்சு வாங்குவது இடையிடையே கேட்டது. ஒரு தரம் “அம்மா” என்று அலறினாள். சிவகௌரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழவர் தன் மருந்தைக் கேட்கவில்லை.

“முழங்காலுக்கு மேல வந்திட்டுது... படி... படி இருக்கு அம்மா.”

“ஏறு! திரும்பிப் பாராத!”

கடைசியில் வாகனச் சத்தம் கேட்டது. “மேல வந்திட்டன்” என்று மயூரா அழத் தொடங்கினாள். “நான் நிண்ட இடமே இல்ல அம்மா. ஒரு முழு மரம் போகுது.”

“அங்க நிக்காத. நேரா ரூமுக்குப் போ” என்று அதட்டியவள், போனை வைத்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

மின்ஜியோங் தன் போனை எடுத்திருந்தாள். அவளுடைய அக்காவின் வீடும் அந்த ஆற்றோரம்தான். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. சிவகௌரி எழும்பி அவளுடைய தோளை அணைத்துக்கொண்டாள். கடைசியில் அக்கா எடுத்து, மத்தியானத் தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் கிழவர் பக்கம் திரும்பினார்கள்.