காப்பிக்கு எழுந்தவர்கள்

ரெபேக்காவுக்குத் தன்மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான். இல்லையென்றால் தாராவியிலிருந்து கிளம்பிப் போய், மாட்டுங்கா சபாவின் காரியதரிசி வானமாமலையிடம் செனகல் நாட்டு மேளத்துக்கு மேடை கேட்பாளா? அதை வாசிக்கும் செனகல்கார நண்பன் லாமினை ஓட்டல் ஓட்டலாக வாசிக்க வைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. தட்டுச் சத்தத்துக்கு நடுவில் யார் காதில் ஏறும்? உட்கார்ந்து கேட்கிற கூட்டம் வேண்டும் என்று விக்ரோலியில் பார்த்த வேலையையும் விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள்.

வானமாமலை சிரித்தார். "தனி ஆவர்த்தனம்னு மிருதங்கம் மட்டும் வாசிச்சாலே நம்மவா காப்பிக்கு எழுந்துடுவாம்மா. நீ என்னடான்னா ஒன்றரை மணி நேரமும் மேளம் மட்டும்தான்ங்கறே!"

"ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க சார். நான் பாத்துக்கிடுதேன்."

"சரி, ஒரு சாயங்காலம் தரேன். ஹால் காலியாச்சுன்னா அதோட சரி. செம்பூர், தாணே சபாக்கெல்லாம் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்தது. தோளில் மாட்டிய, சபார் என்ற அந்த மேளத்தை ஒரு கையில் குச்சியும் மறு கை வெறுங்கையுமாக லாமின் வாசிக்கத் தொடங்கினான். பாட்டு இல்லை, பிடில் இல்லை, எடுத்த எடுப்பிலேயே மேளம். பல வருடப் பழக்கம் லேசில் விடுமா? மூன்றாவது வரிசையில் மீனாட்சியம்மாள் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். சபாவில் முப்பது வருட அங்கத்தினர். அவர் எழுந்தால் வரிசையே எழும். எழுந்தது. ரெபேக்காவுக்குக் கதவைச் சாத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

லாமின் முகமோ மலர்ந்துவிட்டது. அவன் ஊரில் மேளம் கேட்டு ஒரு பெண் எழுந்தால் ஆடத்தான் எழுகிறாள் என்று அர்த்தம். அவள் காலடிக்கு மேளம் பதில் சொல்லியாக வேண்டும். மேடையைவிட்டுக் குதித்து இறங்கி, நடைவழியில் மீனாட்சியம்மாள் முன்னால் வந்து நின்றான்.

அவர் ஒரு அடி வைத்தார். மேளம் ஒரு அடி அடித்தது. நின்றார், நின்றது. இரண்டு அடி வைத்தார், இரண்டு. ஹால் கொல்லென்று சிரித்தது.

"என்னப்பா, வம்புக்கு இழுக்கறியா?" என்றார் மீனாட்சியம்மாள். கைப்பையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே ஆதி தாளம் போட ஆரம்பித்தார்.

லாமினின் பார்வை அவர் காலைவிட்டுக் கைக்குப் போனது. தாளத்துக்குக் குறுக்கே ஓடினான், பதுங்கினான், இழுத்தான். அவர் அசரவில்லை. காப்பிக்கு எழுந்த அத்தனை பேரும் நடைவழியிலேயே சுற்றி நின்று அவரோடு தாளம் போட்டார்கள். எல்லாரும் சேர்ந்து தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து இறங்கியபோது ரெபேக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கான்டீன்வரை போனவர்கள்கூட டம்ளரோடு திரும்பி ஓடிவந்தார்கள்.

அவள் முண்டியடித்துக்கொண்டு வானமாமலையிடம் போனாள். "சார், செம்பூர் விஷயம்..."

தாளம் போட்ட கையை அவர் நிறுத்தவில்லை. "நாளைக்கே போன் பண்ணிச் சொல்றேன். தாணேக்கும் சேர்த்து. இப்போ நகரும்மா, மறைக்கறே!"