நீலத்துக்கு அடியில் வெள்ளை

தெருவில் அவளைப் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்னறையிலேயே பட்டறை. மூன்று பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் இரண்டு மாதம்தான் தரையில் இருப்பார். அதனால் குழாய் ஒழுகினாலும் சரி, கதவுக் கீல் கழன்றாலும் சரி, யாரையும் எதிர்பார்க்காமல் தானே இறங்கிவிடுவாள்.

காரில் துரு தெரிந்தபோதும் அப்படித்தான் இறங்கினாள்.

கார், தம்பி கொடுத்தது. அவளுடைய மகளுக்கு அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே சாவியோடு வந்து நின்றான். "நான் புதுசு எடுத்துட்டேன்கா. இது சும்மாதானே நிக்குது, மருமக ஓட்டட்டும்" என்றான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்கத் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தம்பி புராணம்தான்.

திங்கட்கிழமை மகள் வேலையில் சேரவேண்டும். டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே, படி மாதிரி நீண்டிருக்கும் தகரத்தில், விரல்நகம் அளவுக்கு ஒரு கொப்புளம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணை உறுத்தியது. சனிக்கிழமை காலை பெயின்ட் கடைக்குப் போய்விட்டாள். கடைக்காரர் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டின் எண்ணைக் கேட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இது வெள்ளை வண்டி."

"என்ன விளையாடறீங்களா? வாசல்ல நிக்குது பாருங்க. மயில் கழுத்து நீலம்."

"புத்தகம் வெள்ளைங்குது. எனக்கென்ன, நீங்க கேக்கற கலரைத் தர்றேன்."

பிரைமர் ஒன்று, நீலம் இரண்டு, மேலே பளபளப்புக்கு லேக்கர் ஒன்று என்று நான்கு ஸ்ப்ரே டப்பாக்களோடு திரும்பினாள். வீட்டுக்கு முன்னால் நிழலில் காரை நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, பிசுக்குப் போகத் துடைத்தாள். கொப்புளத்தைச் சுற்றி நாலாபுறமும் பழைய செய்தித்தாளை வைத்து டேப் ஒட்டினாள். மகள் பிரைமர் டப்பாவைக் காதருகே வைத்துக் கடகடவென்று குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம்மா? கை கழண்டுரும் போலிருக்கு."

"உள்ள இருக்கற குண்டு நல்லா உருளணும். நீயெல்லாம் அடுத்தவங்க கைக்கு வைத்தியம் பாக்கப் போறியாக்கும்."

முரட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். சொத்தையைப் போலத்தான் துருவும். நல்ல இடம் வரும்வரை சுரண்டாமல் மேலே பூசினால் ஒரு வருஷத்தில் மறுபடி கிளம்பும். ஆனால் எவ்வளவு தேய்த்தும் பளிச்சென்று இரும்பு தெரியவில்லை. சாம்பல் நிறத் தூள்தான் கொட்டியது. அவள் விரல்களுக்கு அது இரும்பில்லை என்று தெரிந்துவிட்டது. தினமும் மாவும் பசையும் தேய்க்கிற விரல்கள். ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு கட்டி பெயர்ந்து மடியில் விழுந்தது. பள்ளத்தை அடைத்துப் பூசுகிற பட்டி, கெட்டிப்பட்டிருந்தது.

"அடக் கடவுளே, இவ்ளோ பட்டியா!"

குளிர்பெட்டிக் கதவில் இருந்த காந்தத்தை மகள் கொண்டுவந்தாள். காரின் கதவில் வைத்தால் ஒட்டியது. அந்தப் படியில் வைத்தால் வழுக்கி விழுந்தது. அடுத்த பக்கம் போய், அதே இடத்தில் வைத்தாள். அங்கும் விழுந்தது. முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கும் கம்பங்களில் வைத்தாள். இரண்டிலும், ஒரே உயரத்தில், பொத்தென்று விழுந்தது.

இடித்த கார் என்றால் பட்டி ஒரு பக்கம்தான் இருக்கும். ஓர் ஒழுங்கோடு, கோடு போட்டதுபோல் நான்கு இடத்திலா?

அக்கா டிரைவர் பக்கம் வந்து குனிந்தாள். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தரைவிரிப்பைப் பிடித்து இழுத்தாள். பசை விட்டுச் சர்ரென்று வந்தது. கால் வைக்கும் இடத்துத் தகரம் வெள்ளை. சீட்டுக்குப் பின்னால் நீலம். நடுவில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுவரை, விரல் தடிமனுக்குக் கரடுமுரடாக ஒரு வெல்டிங் கோடு. சில இடங்களில் துரு அரித்து, கீழே தெருவின் கல் தெரிந்தது.

மகள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. "அம்மா... நேத்து பைபாஸ்ல நூறுல போனோமே..."

அக்கா மகளின் மணிக்கட்டைப் பிடித்து, கார் ஏதோ கடித்துவிடும் என்பதுபோல, இரண்டடி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

தெருக்கோடி டிங்கரிங் கடைக்காரரை அழைத்துவந்தார்கள். அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கும் அவள் அக்காதான். சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்ததும் தூசியைக்கூடத் தட்டாமல் கேட்டார்.

"இதுல யாருக்கா போறீங்க?"

"இவதான். திங்கக்கெழமைலேருந்து தெனமும்."

"இது ஒரு கார் இல்லக்கா. ரெண்டு. பின்னாடி அடிபட்ட வெள்ளையும் முன்னாடி அடிபட்ட நீலமும். நல்ல பாதிகள வெட்டி ஒட்டவச்சிருக்கானுங்க. ஒரு லாரி லேசா உரசினாப் போதும்." மகளைப் பார்த்தார். "என் கடை வரைக்கும்கூட ஓட்டிடாதீங்க."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி இதை மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறான். அவன் பெண்டாட்டி நிறைமாதத்தில் இதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஐயோ, பாவம், அவனுக்கு எப்படிச் சொல்வது? அதுதான் அவளுக்கு அப்போதைய கவலை. போனில் "கொஞ்சம் வந்துட்டுப் போடா" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி வந்தான். வெல்டிங் கோட்டைப் பார்த்தான். முகம் வெளிறிப்போனது. ஆனால், "இது என்ன?" என்று அவன் கேட்கவில்லை. அக்கா அதைக் கவனித்துவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

"இது தெரியாதுக்கா. சத்தியமா இது தெரியாது."

"அப்போ எது தெரியும்?"

அவன் காலடியில் கிடந்த பட்டித் துண்டை ஷூ முனையால் நகர்த்தினான். "போன தடவை சர்வீஸ் விட்டப்போ மெக்கானிக் சொன்னாரு. 'இத நீங்க வச்சுக்காதீங்க சார், சீக்கிரம் தள்ளிவிட்ருங்க'ன்னு."

"ஏன்னு கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்டா கேக்கல?"

அவன் தலை நிமிரவில்லை. "கேட்டிருந்தா உனக்குக் குடுத்திருக்க முடியாதேக்கா. மருமக வேலைக்குப் போறா, மாமான்னு நான் ஏதாவது செய்யணும்னு..."

அவள் அடிப்பாள் என்று மகள் நினைத்தாள். டிங்கரிங் கடைக்காரர்கூட ஓர் அடி முன்னால் வந்தார். அக்காவுக்கோ சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது ரோடு தாண்ட அவன் கையைப் பிடித்துப்போன நினைவு ஒன்று வந்து, வந்த வேகத்தில் கசந்தது. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை மகள் பஸ்ஸில் போனாள். தம்பி தினமும் போன் பண்ணினான். அக்கா எடுக்கவில்லை. தம்பிக்குக் காரை விற்ற கடையைத் தேடிப் போனால் அங்கே இப்போது மெத்தை விற்கிறார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தாள். வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் ஒரு வியாபாரி, வாசலில் நிற்கும் காரைக் கண்டு, "அப்படியே குடுத்துருங்க, நான் சரி பண்ணிக்கறேன்" என்றான்.

சரி பண்ணி யாருக்கு விற்பான் என்று அவள் யோசித்தாள். இன்னொரு வீடு. அங்கேயும் ஒரு மகள்.

அன்றே போலீசிடம் சொல்லிவிட்டு, டிங்கரிங் கடைக்காரரை அழைத்தாள். "வெட்டிடுங்க. என் கண்ணு முன்னால. இனிமே யாரும் ஒட்டவைக்கக் கூடாது. கோட்ட விட்டுத் தள்ளி, கோணல்மாணலா வெட்டுங்க."

யார் சொன்னார்களோ, தம்பி வந்துவிட்டான். யாரிடமும் பேசாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பின்பாதி சாய்ந்துவிடாமல் தோள் கொடுத்து நின்றான். பொறி பறந்தது. மயில் கழுத்து நீலம் கருகி உரிந்தது. கடைக்காரர் ஒரு மணி நேரம் ஆகும் என்றிருந்தார். ஆனால் கம்பங்கள் இரண்டையும் அறுத்து, தரையில் கைவைத்ததுமே, வெட்டச் சொன்ன இடத்தில் இல்லாமல் பழைய கோட்டிலேயே கார் தானாக வாய்பிளந்தது. பழைய பாயைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்பாதி மூக்குக் குப்புறச் சரிந்தது.

தம்பி தோளை எடுத்துக்கொண்டு பின்வாங்கினான். அப்படியே நடுத்தெருவில் உட்கார்ந்தான். "என் பிள்ளை," என்றான். "பின்சீட்டுல படுத்துத் தூங்குவான்கா. என் பிள்ளை."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் போய்விடவில்லை. அது போக நாளாகும் என்று அவளுக்கே தெரிந்தது. பக்கத்தில் போய் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"எந்திரி. வண்டி ஏதாவது வரப்போகுது."