மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒரு ‘வாங்க’

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செல்வக்குமார் வீட்டுக்குள் மூன்று கொலைகாரர்கள் நுழைந்தது போன ஆவணியில், ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு. அன்று மல்லிகை கிலோ அறுநூறு, தக்காளி முப்பத்தெட்டு. மூவரும் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட சாக்கைத் தலையில் மாட்டியிருந்தார்கள். ஒருவன் கையில் அரிவாள், ஒருவன் கையில் சுத்தியல், மூன்றாமவன் கையில் நைலான் கயிறு. பின்கதவுத் தாழ்ப்பாளில் இரண்டு திருகாணி கழன்றிருப்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அதை அந்த வீட்டுக்காரி சத்யப்ரியா தன் நாவலின் இருபத்தோராம் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள்.

சத்யப்ரியா எழுதுகிறவள் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் எழுத வந்ததற்குக் காரணம் பேருந்து நிலையம்தான். செல்வக்குமாருக்குச் சொந்த ஊர் பேரையூர். அந்தப் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கோர்ட்டுக்கு வந்தவர், பூ வாங்க வந்தவர், சென்னை பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் காத்திருப்பவர் என்று அத்தனை பேரும் ஐந்து நிமிடம் நடந்து இந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முன்னறையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கும் செல்வக்குமார் தலையை நிமிர்த்தி, “வாங்க வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்” என்பான். சொல்வதோடு அவன் வேலை முடிந்தது. இருபத்தொரு வருடமாக உலை வைத்தது அவள். எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், பதினேழு பேருக்குச் சோறு போட்டு முடித்த கையோடு அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, செல்போனில் ஒரு வரி எழுதினாள்: ‘அவர்களை யாரும் வாங்க என்று கேட்கவில்லை.’

அதுதான் அவளுடைய முதல் நாவலின் முதல் வரி. பிறகு வந்த எல்லா நாவலுக்கும் அதுவே முதல் வரி. சாக்கு மாட்டிய அதே மூன்று பேர் அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் புகுவார்கள், கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டில் மூச்சு விட ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இரண்டாம் நாவலில் மாவு அரைக்கும் கிரைண்டரை அவள் பயன்படுத்திய விதத்தை இங்கே எழுதுவதற்கில்லை. உக்கிரபாண்டி என்ற புனைபெயரில் செல்போன் செயலியில் வந்த அந்தக் கதைகளுக்கு நாற்பதாயிரம் வாசகர்கள், பாதிக்கு மேல் பெண்கள். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுப் படிக்கிறோம் என்று கடிதம் எழுதுவார்கள். பன்னிரண்டாம் நாவலுக்கு வந்தபோது அவளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. புதிதாக ஒரு வீட்டைக் கற்பனை செய்யச் சோம்பல்பட்டுத் தன் வீட்டையே வைத்தாள். நாவலின் வீட்டுக்காரனுக்கும் செல்வக்குமாரைப் போலவே நீலக் கட்டம் போட்ட கைலியைக் கட்டிவிட்டு, கழுத்தில் இடப்பக்கம் ஒரு மச்சத்தையும் வைத்தாள். அவன் சாகும் கடைசி அத்தியாயத்தை எழுதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தானாக வெளியாகும்படி செய்து வைத்திருந்தாள்.

பின்கதவு வழியாக வந்த மூவரையும் கூடத்தில் பார்த்த செல்வக்குமார் எழுந்து நின்று, “வாங்க மச்சான், வாங்க வாங்க” என்றான். தன் ஊர் ஆட்கள் எல்லோரையும் அவனுக்குத் தெரியும். ஆகவே இவர்கள் சத்யப்ரியாவின் டி. கல்லுப்பட்டி ஆட்களாகத்தான் இருக்க வேண்டும். சாக்கும் அரிவாளும் ஏதோ சாமிக்கு நேர்த்திக்கடன். இதைக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அவன் கேட்கவும் இல்லை. மூன்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

கொலைகாரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினோரு நாவல்களில் அவர்களை ஒருவரும் வாங்க என்று கேட்டதில்லை. உட்கார்ந்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்து வழக்கம் லேசானதில்லை. வாசலேறி வந்தவரை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்காமல் விட்டதற்காகக் கல்யாணத்துக்கு வராமல் போன குடும்பங்கள் உண்டு. செல்வக்குமார் கேட்டுவிட்டான், சத்யப்ரியா கேட்கவில்லை. எனவே அவர்கள் பாதி விருந்தாளி, பாதி கொலைகாரர்கள். வெட்டவும் முடியாது, கிளம்பவும் முடியாது. வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள்.

சாக்கைப் பார்த்ததுமே சத்யப்ரியாவுக்கு அவர்கள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றே கடைசி அத்தியாயத்தை அழித்தாள். அது திரும்பி வந்தது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது, ஒரு எழுத்துப்பிழை மட்டும் திருத்தப்பட்டிருந்தது. புருஷன் மேல் அவளுக்குக் கோபம் மலையளவு இருந்தது, ஆனால் அவன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கதையில் செத்தால் போதும் என்றுதான் நினைத்தாள்.

புதன்கிழமை செல்வக்குமார் அடுப்படி நிலைப்படியில் வந்து நின்றான். அதைத் தாண்டி உள்ளே போகும் பழக்கம் அவனுக்கு இல்லை.

“ஏம்மா, ஒங்க ஆளுக மூணு நாளா உக்காந்திருக்காக. வாங்கன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

“கேக்க மாட்டேன்.”

“அப்படி என்ன கோவம்?”

“கேட்டா அவுகளுக்கும் சேத்து ஒல வைக்கணும். அம்புட்டுத்தான்.”

அது பொய்யில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் எட்டு வருடமாக அவளுடையது. அதைச் சொல்லிவிட்டால் பன்னிரண்டு நாவலின் முதல் வரியும் போய்விடும், சாகும்வரை மூன்று பேருக்குக் கூடுதலாகச் சோறும் வடிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மச்சத்தின் மேல் அரிவாள் இறங்கும்.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அவளால் தாங்க முடியவில்லை. செல்போனை அவன் கையில் கொடுத்து, “நான்தேன் எழுதுனேன். படிங்க” என்றாள். நாற்காலிகள் மெல்லப் பின்னால் நகரும் சத்தம் கூடத்தில் கேட்டது. செல்வக்குமார் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். கைலியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். கழுத்தைத் தடவிக்கொண்டான்.

“இதுல நான் எதுக்குச் சாகுறேன்?”

“வாங்க வாங்கன்னு சொன்னதுக்கு.”

செல்போனை அவளிடம் கொடுத்துவிட்டு, கல்யாணமாகி இருபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக நிலைப்படியைத் தாண்டி அடுப்படிக்குள் போனான். டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தான்.

“காப்பித்தூள் எங்கருக்கு? செத்தாலும் வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுத்துட்டுச் சாகுறேன். நீ உக்காரு. நான் போடுறேன்.”

அவன் தீக்குச்சியை மூன்று தடவை உரசினான். மணி நாலு ஐம்பத்தெட்டு. அரிவாள்காரன் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான், மற்ற இருவரும் நிலைப்படியில் நின்றார்கள். சத்யப்ரியா அழுதுவிட்டாள். மூக்கைச் சிந்திவிட்டு, மூவருக்கும் முன்னால் போய் நின்று, அரிவாள்காரனைப் பார்த்து, “வாங்கண்ணே” என்றாள். சுத்தியல்காரனைப் பார்த்து, “வாங்கண்ணே” என்றாள். கயிற்றுக்காரன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அவனுக்கும் சொன்னாள். பிறகு, “வந்தா சும்மா உக்காரக் கூடாது. கையக் கழுவிட்டு வெங்காயத்த உரிங்க” என்றாள்.

ஐந்து மணிக்கு வெளியான அத்தியாயத்தில் ஒருவரும் சாகவில்லை. வீட்டுக்காரன் காப்பி போட்டான், மூன்று பேர் வெங்காயம் உரித்தார்கள். நாற்பதாயிரம் பேரில் பாதி பேர் உக்கிரபாண்டி ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார்கள். மற்றவர்கள், அவன் எழுதியதிலேயே நம்ப முடியாதது இதுதான் என்று சொல்லித் திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

மூவரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அரிவாள்காரன் கோழி வெட்டுவதில் கெட்டிக்காரன். சுத்தியல்காரன் முதல் வேலையாகத் தாழ்ப்பாளுக்குப் புதுத் திருகாணி போட்டான். நைலான் கயிறு மொட்டைமாடியில் கொடியாகக் கிடக்கிறது, வாரம் ஒரு முறை மூன்று சாக்குகளும் அதில் காய்கின்றன. செல்வக்குமாருக்குக் குழம்பு வைக்க வருகிறது, உப்புத்தான் கொஞ்சம் தூக்கல். பேரையூர்க்காரர்கள் முன்பு போலவே வருகிறார்கள். முதலில் அவர்களுக்கு ஒரே ஒரு குறை இருந்தது, சாக்குப் போட்டவர்கள் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்பதில்லை என்று. சத்யப்ரியா அவர்களுக்கு எந்த நாவலிலும் வசனம் எழுதியிருக்கவில்லை. அதனால் ஒரு வார்த்தை மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

இப்போது யார் வந்தாலும் மூவரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக, முறையாக ‘வாங்க’ என்கிறார்கள். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிமூன்றாம் நாவலை எழுதும் சத்யப்ரியாவுக்கும் அது கேட்கிறது. அவள் எழுந்து வருவதில்லை.