சமையலறைக் கடிகாரப்படி மூன்று மணி

1943 மார்ச் 10, புதன். பிழை ஒன்று. மாலை வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் பழைய நேரத்துக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. தெரிந்தும் மறந்தேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று கால் விறைத்ததுதான் மிச்சம். திருத்தம்: இன்று முதல் வீட்டில் ஒரே நேரம். சமையலறைக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, போர் நேரத்துக்கு வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

வெர்னா ஸ்டோல்ட்ஸ் எப்போதும் இப்படித்தான் எழுதுவாள். முதலில் பிழை, அதன் கீழே திருத்தம். பீரங்கிக் குண்டுக்கு உறை செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு அளவு பார்க்கும் வேலை. வளையத்துக்குள் நுழைந்தால் சரியான உறை, நுழையாவிட்டால் கழித்த உறை. நாளுக்கு எட்டு மணி நேரம் இதையே செய்ததில் மற்றதையும் அப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. உறைக்கு வளையம் இருக்கிறது, நமக்கு எது என்ற சந்தேகம் மட்டும் அவளுக்குத் தீரவில்லை. அதனால் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் நோட்டை மூடுவாள்.

கடிகார விஷயத்தில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஊரே அப்படித்தான் இருந்தது. போர் வந்ததும் வாஷிங்டனில் உத்தரவு போட்டு நாடு முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி முன்னால் தள்ளினார்கள். ஒரு வருஷம் எல்லோரும் கேட்டார்கள். போன மாதம் ஓஹையோ மாநிலத்துக்காரர்கள், மாட்டுக்குப் போர் நடப்பது தெரியாது என்று விவசாயிகள் போட்ட கூச்சலில், பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் சர்ச்சும் அவர்களோடு போயின. ரயிலும் தொழிற்சாலையும் போர் நேரத்தை விடவில்லை. சினிமாக் கொட்டகைக்காரர் வாசலில் இரண்டு நேரத்தையும் எழுதி வைத்தார். அப்படியும் பாதிக் கூட்டம் படம் முடிகிற சமயத்துக்கு வந்து, துனிசியச் சண்டையின் செய்திப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வெர்னா வீட்டுக்கு வந்தபோது அம்மா ஹுல்டா கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றிருந்தாள்.

"டெல் பேசினான்டீ! மருந்துக்கடை போன்ல. ஓடிப் போய்ப் பேசிட்டு வந்தேன். நாளைக்கு வர்றான்!"

"வீட்டுக்கா?"

"வீட்டுக்கு எங்க விடப் போறாங்க? அவங்க ரயில் நம்ம ஊர்ல தண்ணி பிடிக்க நிக்குமாம். பத்து நிமிஷம். 'நம்ம தண்ணித் தொட்டியப் பாத்துட்டுப் போவேன், வேற ஒண்ணும் கேக்காதம்மா'ன்னான். அதுக்குள்ள லைன் போயிடுச்சு."

டெல்பர்ட் வெர்னாவுக்குத் தம்பி. பத்தொன்பது வயது. பட்டாளத்தில் சேர்ந்து எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட விடுப்பில் வரவில்லை. முகாமிலிருந்து கிழக்கே போகிற ரயில் என்றால் அது கடற்கரையில்தான் போய் நிற்கும். அங்கிருந்து கப்பல். இரண்டு பேருக்கும் அது புரிந்தது.

சுவர்க் காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்தில் அம்மா பென்சிலால் பெரிதாக 3 என்று எழுதியிருந்தாள்.

"எந்தக் கடிகாரப்படி சொன்னான்?" என்று கேட்டாள் வெர்னா.

"நம்ம சமையலறைக் கடிகாரப்படிதான். 'ரயில் நேரம் சொன்னா நீ குழம்பிடுவ, அதனால சமையலறைக் கடிகாரப்படியே சொல்றேன்'னான். புத்தியப் பாரு!"

வெர்னா யோசித்தாள். போன மாதம் ஊரோடு சேர்ந்து அதைப் பழைய நேரத்துக்குத் திருப்பியதை அவனுக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள். மறுபடி முன்னால் தள்ளி வைத்து இரண்டு நாள்தான் ஆகிறது. தம்பிக்கு அது எப்படித் தெரியும்? அவன் மனசில் அந்தக் கடிகாரம் இன்னும் பழைய நேரத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

"அப்போ அவன் சொன்னது பழைய நேரம். இப்போ நம்ம நேரத்துக்கு நாலு மணிம்மா."

"நாலா?" அம்மா காலண்டரைப் பார்த்தாள். "எழுதும்போது நானும் ஏதோ யோசிச்சுத்தானே எழுதினேன். நாமதான் தள்ளி வச்சிருக்கோமேன்னு..."

"அதைத்தான் நானும் சொல்றேன். தள்ளி வச்சிருக்கோம். அதனாலதான் நாலு."

"என்னவோ போ. இந்தக் கணக்கெல்லாம் உனக்குத்தான் வரும்." அம்மா கோட்டைக் கழற்றினாள். "எதுக்கும் நான் மத்தியானமே போய் உக்காந்துக்கறேனே?"

"அந்தக் காத்துல மூணு மணி நேரமா? உன் முழங்கால் என்னத்துக்கு ஆகும்? எனக்கு நாளைக்கு மூணு மணி வரைக்கும் வேலை. முடிஞ்சதும் ஓடி வந்து கூட்டிட்டுப் போறேன்."

அம்மா சரி என்றாள். வெர்னா காலண்டரில் 3-ஐ அழித்துவிட்டு 4 என்று எழுதினாள். இரண்டு முறை சரிபார்த்தாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில், பக்கத்து மேசையில் அளவு பார்க்கும் ஓப்பலிடம் விஷயத்தைச் சொன்னாள். ஓப்பல் சாண்ட்விச்சைப் பிரித்து ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தியா, நறுக்கின ரொட்டி! ரெண்டு மாசமா கடையில நறுக்கக் கூடாதுன்னாங்க வாஷிங்டன்ல. இந்தத் திங்கக்கிழமைலேர்ந்து மறுபடி நறுக்கலாம்னுட்டாங்க. என்னமோ நாம ரொட்டிய முழுசா வச்சிருந்தா எதிரி பயந்துடுவான்ங்கற மாதிரி. இவங்கள நம்பி நீ நேரம் கணக்குப் போடற."

"இவங்கள நம்பல. நானே போட்டேன்."

"உன் கையில விட்டா சூரியன்கூட உன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் மறையும்டீ" என்றாள் ஓப்பல். மேசையே சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள். உள்ளே மட்டும் ஏதோ ஒன்று வளையத்தில் நுழையாமல் இடித்துக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

வீட்டில் அம்மா ஆப்பிள் கேக் சுட்டு வைத்திருந்தாள். கூப்பனுக்குக் கிடைத்த சர்க்கரையில் மிச்சமிருந்தது அத்தனையும் அதில் போயிருந்தது. ஐந்து வாரத்துக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு என்று அளந்து கொடுக்கும் காப்பித்தூளில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, பிளாஸ்க் நிறையக் காப்பி. தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. புது ஷூ வாங்குவதற்கும் கூப்பன் வந்துவிட்டதால், பழைய ஷூவை அடுப்புக்கரியும் எண்ணெயும் போட்டுப் பளபளவென்று தேய்த்திருந்தாள்.

நிலையத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெர்னாவின் கைக்கடிகாரத்தில் மூன்று நாற்பது. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள் நடைமேடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பட்டாள ரயில்களுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஊர்ப் பெண்கள் நீளமான மேசைக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். மேசை மேலே ஆறு பெரிய கூடைகள், ஆறும் காலி. தண்ணீர்த் தொட்டியின் குழாயிலிருந்து தண்டவாளத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெர்னா நிலைய அதிகாரி ஹாக்கெட்டின் ஜன்னலுக்கு ஓடினாள். அவர் தலைக்கு மேலே, போர் ரகசியத்தைக் காக்கச் சொல்லி, வாயை மூடினால் கப்பல் பிழைக்கும் என்ற மாதிரி ஏதோ எழுதிய சுவரொட்டி ஒட்டியிருந்தது.

"பட்டாள ரயில் வந்துட்டுப் போயிடுச்சா சார்?"

"எந்த ரயில்?"

"நாலு மணி ரயில்."

"நாலு மணிக்கு எதுவும் கிடையாது. மூணு மணிக்கும் எதுவும் கிடையாது. பட்டாள ரயில்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது பொண்ணே."

"அப்போ தண்டவாளம் ஏன் நனைஞ்சிருக்கு?"

"மழை."

வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஹாக்கெட்டும் ஒரு தடவை எட்டி வானத்தைப் பார்த்துவிட்டு, "லேசான மழை" என்றார்.

அவள் திரும்பியபோது அம்மா பெஞ்சில் இல்லை. கேக் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கோப்பை கழுவும் மிஸஸ் பர்டியின் முன்னால் நின்றிருந்தாள்.

"முன்னூறு சாண்ட்விச்சு, பத்தே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் மிஸஸ் பர்டி. "கடைசிப் பெட்டி போய் அரை மணி இருக்கும். இறங்கவே விடல. ஜன்னல் வழியாத்தான் நீட்டினோம்."

"டெல்பர்ட்னு ஒரு பையன். ஒசரமா இருப்பான். வலது காதுக்கிட்ட தழும்பு இருக்கும்" என்றாள் அம்மா.

"எனக்குக் கைதாம்மா தெரிஞ்சுது. முன்னூறு கை. காது தெரியல." மிஸஸ் பர்டி கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "ஒருத்தன் மட்டும் கேட்டான். 'எங்கம்மா வந்திருக்காங்களா?'ன்னு."

அம்மா மேசையோடு ஒட்டி நின்றாள். "குரல் எப்படி இருந்துது?"

"பையன் குரலா இருந்துது." அவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. எல்லா ரயில்லயும் எவனாவது ஒருத்தன் அப்படிக் கேப்பான். ஆயிரம் மைல் தள்ளி வீடு இருக்கறவன்கூடக் கேப்பான். காலையிலயும் ஒரு ரயில் போச்சு. இன்னும் வரலாம். எங்களுக்கே அரை மணிக்கு முன்னாடிதான் சொல்லி அனுப்புவாங்க. சொன்ன நேரத்துக்கு எதுவும் வர்றதில்ல. அரை நாள் தாமதம்லாம் சர்வசாதாரணம்."

போனது டெல்லின் ரயிலா, இல்லையா? இனிமேல் வருமா? கேட்டால் ஒருவர் ரயிலே இல்லை என்கிறார், இன்னொருவர் எத்தனையோ ரயில் என்கிறார். வெர்னா பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். மூன்று, பழைய நேரம், கூட்டல் ஒன்று, நான்கு. இதில் பிழையே இல்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் நான்கு. மத்தியானம் முதல் இடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அகப்பட்டது. அந்த மூன்றை அவள் தம்பி வாயிலிருந்து கேட்கவில்லை. சுவரில் பார்த்தாள்.

"அம்மா, டெல் என்ன மணின்னு சொன்னான்? அவன் வாயால?"

"ரெண்டு."

"மூணு இல்லயா?"

"ரெண்டுன்னுதான்டீ சொன்னான். நாமதான் கடிகாரத்த மாத்திட்டோமே, அதனால ஒண்ணு சேத்து மூணுன்னு எழுதினேன். ஏன்?"

வெர்னா நோட்டைப் பார்த்தபடியே இருந்தாள். அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. ரயில் முன்னதாகவே வந்துவிட்டது என்று சொன்னால் நம்பிவிடுவாள். ஹாக்கெட் உயிர் போனாலும் உண்மையைச் சொல்ல மாட்டார். இந்த ஊரில் இன்று யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது. பிழை அவள் நோட்டுக்குள்ளேயே கிடந்துவிடும்.

"அம்மா, நீ ஒரு மணி கூட்டிட்ட. அது தெரியாம நான் இன்னொரு மணி கூட்டிட்டேன். ரயில் மூணு மணிக்குத்தான். நீ எழுதினதுதான் சரி."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. காலியாக நீண்டு கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"நான் சொல்ல வந்தேன்."

"ஆமா. நான் விடல."

"மத்தியானமே வர்றேன்னும் சொன்னேன்."

"ஆமாம்மா."

"கொஞ்ச நேரம் பேசாம இரு."

வெர்னா நோட்டை மூடினாள். நான்கு மணிக்கு ஒரு ரயில் வரத்தான் செய்தது. அம்மா எழுந்து நடைமேடையின் விளிம்புக்கே போய்விட்டாள். நிலக்கரி ஏற்றிய வண்டி. அறுபத்திரண்டு பெட்டி. ஒன்றிலும் ஜன்னல் இல்லை. அது நிற்காமல் போன பிறகும் அம்மா தொப்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பிறகு நேராக மேசைக்குப் போய்க் கேக் டப்பாவை வைத்துத் திறந்தாள். கத்தியை வாங்கித் தானே துண்டு போட்டாள். ஒரு துண்டு மட்டும் பெரிதாக விழுந்தது. அதைத் தனியாக ஒதுக்கினாள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதையும் இரண்டாக்கி மற்றவற்றோடு சேர்த்தாள்.

"அடுத்த ரயிலுக்குக் குடுங்க" என்றாள் மிஸஸ் பர்டியிடம். "நாளைக்கு ஆள் போதுமா?"

"என்னைக்குப் போதும்? முட்டை குடுக்கறவங்க இருக்காங்க, அவிச்சு உரிக்க ஆள் இல்ல."

"என் பொண்ணு உரிப்பா. சுத்தமா வேலை செய்வா." அம்மா முதல் தடவையாக வெர்னா பக்கம் திரும்பினாள். "மணி மட்டும் அவகிட்ட கேட்டுடாதீங்க."

மிஸஸ் பர்டி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் ஐந்து டஜன் முட்டை இருந்த கூடையைத் தூக்கி வெர்னாவின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். பாலத்தருகே பனி உறைந்து வழுக்கிய இடத்தில் மட்டும் கையை நீட்டி வெர்னாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். தாண்டியதும் விட்டுவிட்டாள்.

இரவுச் சாப்பாடு ஆனதும் வெர்னா நோட்டைத் திறந்தாள்.

மார்ச் 13, சனி. பிழை: அம்மா கூட்டியிருந்த ஒரு மணியை நானும் கூட்டினேன். டெல் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை.

அதன் கீழே திருத்தம் என்று எழுதினாள். அதற்கு எதிரே எழுத எதுவும் வரவில்லை. முதல் தடவையாக அந்த இடத்தை வெறுமனே விட்டாள். மூன்று மணி ரயிலில் அவன் இருந்தானா, தெரியவில்லை என்று அடுத்த வரியில் எழுதினாள். இரண்டு முறை படித்தாள். அதில் மாற்ற ஒன்றும் இல்லை.

நாளை: ஐந்து டஜன் முட்டையும் விடிவதற்குள் அவித்து உரிக்க வேண்டும். ரயில் நேரப்படி காலை ஆறு மணிக்கு அம்மாவும் நானும் நிலையத்தில் இருக்க வேண்டும்.